பத்து ரூபாய்க்கு ஓர் உயிரா?



ஆடி அமாவாசைக்கு நம்ம ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு ஊரே கூடும். கூட்டம் வரும்போதே கலர் கோழிக்குஞ்சு விற்கிறவரும் சைக்கிளில் வந்துவிடுவார். போன வருஷம் தம்பி அழுதான் என்று ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் வாங்கினோம். ஒன்று பத்து ரூபாய். மூன்றாம் நாள் காலையில் இரண்டும் விறைத்துக் கிடந்தன. "தாய்க்கோழி இல்லாத குஞ்சு எப்படிட்டி பொழைக்கும்?" என்று ஆச்சி திட்டினாள். முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி சூடு வேண்டுமாம். நாங்கள் வைத்திருந்தது ஒரு செருப்பு டப்பாவில்!

அவை ஏன் அவ்வளவு மலிவு தெரியுமா? முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டைக்குஞ்சுதான் வேண்டும். சேவல்குஞ்சு முட்டை போடாது, கறிக்கும் சீக்கிரம் வளராது. அதனால் பொரித்த அன்றே கொன்றுவிடுவார்கள், அல்லது சாயம் பூசி விற்றுவிடுவார்கள். நாம் சத்துணவில் சாப்பிடும் முட்டையை இட்ட கோழிக்கு அண்ணன் தம்பிகள்தான் அவை. ஜெர்மனியில் இப்படிக் கொல்வதற்கு 2022 முதல் தடை இருக்கிறது.

"நாம வாங்காட்டாலும் அது சாகத்தானே போகுது?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் வாங்குவதால் அது பிழைக்கவில்லையே! சாவது மூன்று நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். கூடை காலியானால் அடுத்த தடவை இரண்டு கூடை வரும்.

சட்டமும் இருக்கிறது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செல்லப்பிராணி விற்கும் கடை பதிவு செய்ய வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. ஆனால் ஒவ்வொரு சைக்கிள் கூடைக்குப் பின்னாலும் போலீஸ் ஓட முடியுமா?

விற்கிறவரை நான் திட்டவில்லை. அவரும் வயிற்றுப் பிழைப்புக்குத்தான் வருகிறார். வாங்குவது யார்? நம்மைப் போன்ற பிள்ளைகள்தானே! பத்து ரூபாய் நம் கையில்தான் இருக்கிறது.

குஞ்சு ஆசையாக இருந்தால் வீட்டில் நாட்டுக்கோழியை அடை வையுங்கள். 21 நாளில் பொரிக்கும். சூடு கொடுக்கத் தாய் இருக்கும், சாயம் வேண்டாம். இந்த ஆடி அமாவாசைக்கு நான் தம்பிக்கு ஊதல்தான் வாங்கித் தரப்போகிறேன். நீங்க?

இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி