கேமரா வாங்கப் போகும் தம்பி தங்கைகளே, "போன் போதும்" என்பவர்களை நம்பாதீர்கள்

சோரியாங்குப்பம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். சாராயக் கடை வரும். எல்லை தாண்டிக் குடிக்க வருகிறவர்கள் வருவார்கள். பாட்டிலோடு பிடிபட்டவர்கள் வருவார்கள். வெளியூர்க்காரனுக்கு நம் ஊர் என்றால் அவ்வளவுதான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் வேறு படம் வந்தது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். தென்பெண்ணை பெருகி சோரியாங்குப்பம், குருவிநத்தம், இருளஞ்சந்தை என்று பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்போது நாங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் மேலிருந்து எடுத்தவை, அல்லது தலைவர்கள் தண்ணீரில் நிற்பவை. ஊறி உட்கார்ந்த சுவருக்குள்ளே என்ன மிஞ்சியது, அரிசிப் பானை எங்கே மிதந்தது, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் எந்தச் சேற்றில் கிடந்தது என்பதை எடுத்தவர் யாரும் இல்லை.

நாங்களும் எடுக்கவில்லை. அதுதான் எங்கள் வெட்கம். பாதி போன்கள் நனைந்து செத்துவிட்டன. மிச்சத்தில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி அனுப்பி மங்கடித்தோம். பிறகு கணக்கெடுக்க வந்தவர், "இது எந்த வீடு, என்னைக்கு எடுத்தது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் பேட்டுப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று: "அண்ணா, கம்மி விலையில என்ன கேமரா வாங்கலாம்?" இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் அறிவுரை சொல்ல ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. "கேமரா எதுக்கு தம்பி, போன் போதுமே. பார்க்கிற கண்ணுதான் முக்கியம்." சொல்கிறவர் தோளில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். லட்ச ரூபாய்ப் பை தொங்கும். அவருக்குக் கருவி, நமக்குக் கண். இந்தப் பங்கீடு எங்கேயோ கேட்ட பங்கீடாக இல்லையா?

புதுச்சேரி கேமரா இல்லாத ஊரா? ஒயிட் டவுன் மஞ்சள் சுவருக்கு முன்னால் காலை 6 மணிக்கே கல்யாண ஜோடிகளை நிறுத்தி எடுக்கிறார்கள். அங்கே ரிஃப்ளெக்டர் பிடிப்பதும், லைட் தூக்குவதும், பேட்டரி சுமப்பதும் யார்? வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ் ஏறிப் போகும் நம் பையன்கள். வெளிச்சத்தைச் சுமக்கலாம், பொத்தானை அழுத்தக் கூடாது. டிஜிட்டல் கேமராவுக்கு 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டு வைத்திருந்த அரசு, 2018 டிசம்பரில்தான் அதை 18க்கு இறக்க முடிவெடுத்தது. அதுவரை அது ஆடம்பரப் பொருள்களோடு உட்கார்ந்திருந்தது. நமக்கு அது ஆடம்பரம் அல்ல. ஏன் என்று சொல்கிறோம்.

கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூன் 23. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் இருந்த கண்காணிப்பு கேமராவில் அந்தப் பிள்ளை பதிவானார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. வழக்கு விசாரணையில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். படம் பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் முதல் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. மனிதச் சாட்சியை மிரட்டலாம், விலை பேசலாம். ஆனால் அந்தக் கேமரா நம்முடையது அல்ல, கோயிலுடையது. ஒவ்வொரு முறையும் அவர்கள் கேமரா நம் பக்கம் திரும்பியிருக்கும் என்று நம்பி உயிர் வாழ முடியுமா?

சட்டம் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 15அ என்ற பிரிவு இருக்கிறது. அதன் 10ஆம் உட்பிரிவு, இச்சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான எல்லா நடவடிக்கைகளையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எத்தனை வாக்குமூலங்கள் அப்படிப் பதிவாகின்றன என்று உங்கள் பக்கத்து வழக்கறிஞரைக் கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர்கள் இருந்தால்தான் அது நடக்கும்.

சரி, என்ன வாங்குவது? கையில் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் புதுப் பெட்டியைக் காட்டுவார். "வட்டியில்லாத் தவணை" என்பார். தவணைக்கு முன் பிடிக்கும் கட்டணத்தையும், தவறினால் விழும் அபராதத்தையும் சொல்ல மாட்டார். அம்மாவின் மகளிர் குழுக் கடனை வாங்கிப் புது மாடலில் போடாதீர்கள். பழசை வாங்குங்கள். 7 வருடப் பழைய கேமரா எடுக்கும் படத்துக்கும் புதுசு எடுக்கும் படத்துக்கும் நம் வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

பழைய கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது மைக் மாட்டும் துளை. மெகாபிக்சலைப் பிறகு பாருங்கள். கேனான் 1500டி, நிக்கான் டி3500 இரண்டும் நல்ல படம் எடுக்கும், விலையும் குறைவு. ஆனால் இரண்டிலும் வெளி மைக் மாட்ட வழியில்லை. உண்மை அறியும் குழுவில் போகிறீர்கள், ஒரு தாய் அழுதுகொண்டே சொல்கிறார், பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறது. அங்கே குரல் கேட்காத வீடியோ எதற்கு? கேனான் 200டி, 200டி மார்க் 2, நிக்கான் டி5600 மூன்றிலும் மைக் துளை உண்டு, திருப்பிப் பார்க்கும் திரையும் உண்டு. கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கி எடுக்க அந்தத் திரை உதவும்.

அடுத்து லென்ஸ். யூடியூபில் யாரைக் கேட்டாலும் "50 எம்எம் எஃப் 1.8 வாங்கு" என்பார்கள். விலை குறைவு என்பது உண்மை. வெளிச்சம் வாங்கும் என்பதும் உண்மை. கூடவே வரும் 18-55 லென்ஸ் 55ஆம் முனையில் எஃப் 5.6தான் திறக்கும், அதோடு ஒப்பிட்டால் 1.8 கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் வீட்டு ஹால் பெரியது. நம் வீடு எத்தனை அடி? 10க்கு 10 அறையில் 8 அடி தள்ளி நின்றால், கேனானின் இந்தச் சின்ன சென்சாரில் 50 எம்எம் லென்ஸுக்குள் விழுவது மூன்றரை அடி அகலம். முகம் வரும், வீடு வராது. விரிந்த சுவர் வராது, கூரை வராது, எந்த வீடு என்ற கேள்விக்குப் பதில் வராது. அதே இடத்தில் 24 எம்எம் போட்டால் 7 அடிக்கு மேல் விழும். கேனானில் 24 எம்எம் எஃப் 2.8 என்று தோசை மாதிரித் தட்டையான ஒரு லென்ஸ் இருக்கிறது. நிக்கானில் 35 எம்எம் எஃப் 1.8. நம் தெருவின் அகலத்துக்கும் நம் அறையின் அளவுக்கும் இவைதான் சரி. முகத்தை மட்டும் வெட்டி எடுத்து "சோகமான கண்கள்" என்று கண்காட்சி வைப்பது வெளியிலிருந்து வருகிறவர்களின் வேலை. நாம் வீட்டோடு சேர்த்துத்தான் மனிதரை எடுக்க வேண்டும்.

18-55ஐ விற்றுவிடாதீர்கள். பகலில் அது போதும், 18இல் முழு அறையும் விழும். ஊர்வலம், சாலை மறியல், தடியடி என்று தள்ளி நின்று எடுக்க 55-250 மாதிரி ஒரு நீள லென்ஸ் பிறகு வாங்கலாம். நிக்கான் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: டி3500, டி5600 போன்றவற்றில் ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள் கிடையாது. "மலிவு" என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸை வாங்கினால் கையால்தான் திருகிக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய பொருள் வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோரக் காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் விட்டுவிடுங்கள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சார் அழுக்கு புள்ளி புள்ளியாகத் தெரியும். வாங்கிய பிறகு மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், கேமரா எண் எழுதிய ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். மற்ற பையன் கழுத்தில் கேமரா தொங்கினால் "எந்த ஸ்டூடியோ?" என்பார்கள். நம் பையன் கழுத்தில் தொங்கினால் "எங்கே அடிச்ச?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லக் கூடாது, காகிதத்தால் சொல்ல வேண்டும்.

மீந்த பணத்தில் இரண்டு மெமரி கார்டு, ஒரு ஹார்ட் டிஸ்க், சட்டையில் குத்தும் மைக் ஒன்று. இதைச் செலவு என்று நினைக்காதீர்கள், இதுதான் கேமராவின் மறுபாதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். கோப்பில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் ஹாஷ் மாறிவிடும். பழைய சட்டத்தின் 65பி பிரிவின்படி அந்தச் சான்றிதழ் கட்டாயம், ஆனால் அசல் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் சொன்னது. அசலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். கேமராவில் தேதியும் நேரமும் சரியாக வையுங்கள். கார்டில் இருப்பதை அழிக்காமல் நகல் எடுங்கள். அழகுபடுத்துவதை நகலில் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் சுருங்கும், உள்ளே பதிந்த விவரங்களும் போய்விடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எதிர்பாராமல் நடப்பதை எடுக்க அதுதான் கையில் இருக்கும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். போராட்டக் களத்தில் கேமராவைப் பிடுங்கினால் ஒரு கேமராதான் போகும். போனைப் பிடுங்கினால் தோழர்களின் எண்கள், குழுக்கள், புகார் கொடுத்த பெண்ணின் முகவரி என்று மொத்த இயக்கமும் அவர்கள் மேசைக்குப் போகும்.

இன்னொன்று, நம் நிறம். சில போன்கள் கேட்காமலே முகத்தை வெளுத்துக் கொடுக்கின்றன. இது இன்று வந்த வியாதி அல்ல. கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண்ணின் படம் போட்ட அட்டையை வைத்துத்தான் ஆய்வகங்களில் வண்ணத்தைச் சரிபார்க்க வைத்தது; "ஷெர்லி அட்டை" என்று அதற்குப் பெயர். கறுப்பு முகங்கள் விவரமில்லாத இருட்டாக விழுந்தபோது குறை முகத்தில் என்றார்கள். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெயிலில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நம் ஆயாவை நிறுத்தினால், சுவரைப் பார்த்து ஏமாந்து ஆயாவை இருட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள். முகமே சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் நிறத்தை வெளுக்கப் பார்க்கும், அப்போது குறையுங்கள். இந்தத் தகராறைச் சரி செய்யும் சக்கரம் கேமராவில் உங்கள் விரலடியில் இருக்கிறது. நம் கறுப்பு கறுப்பாகவே, சுருக்கத்தோடும் வியர்வையோடும் விழ வேண்டும்.

விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் முடியும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர் சொல்கிறோம். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் முதல் கேமராவைச் சில டாலருக்கு அடகுக் கடையில் வாங்கினார். 1942இல் வாஷிங்டனில், அரசு அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்த எல்லா வாட்சனை, கையில் துடைப்பத்தோடு அந்நாட்டுக் கொடிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். இங்கே மதுரைப் பக்கத்தின் பழனிக்குமார், அம்மா மீன் விற்ற வீட்டுப் பிள்ளை, 2013இல் கடன் வாங்கித்தான் முதல் கேமரா வாங்கினார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு அவர்தான். மலக்குழியில் இறக்கப்படும் மனிதர்களை நாடு பார்க்க வைத்த கண்களில் ஒன்று அது.

கடன் வாங்கி ஜெயித்தவர் கதையைச் சொல்லிவிட்டு உங்களையும் கடனுக்குள் தள்ளுவது எங்கள் நோக்கம் அல்ல. ஆளுக்கு ஒரு கேமரா தேவையே இல்லை. தெருவுக்கு ஒன்று போதும். பேட்டில் 30 வீடு சேர்ந்து வீட்டுக்கு 1,000 போட்டால் மேலே சொன்ன எல்லாம் வந்துவிடும். அம்பேத்கர் படிப்பகத்தில் வையுங்கள், ஒரு நோட்டுப் போட்டு எடுத்தவர் பெயரும் நேரமும் எழுதுங்கள். அந்த நோட்டே நாளை சாட்சியம். சாவி ஒரு பையனிடம் மட்டும் இருந்தால் அது பொதுக் கேமரா அல்ல. பெண் பிள்ளைகளின் பெயர் அந்த நோட்டில் பாதியாவது இருக்க வேண்டும். குளியலறை இல்லாத வீட்டின் அவதியை எடுக்க எந்த அண்ணனாலும் முடியாது.

எல்லாவற்றையும் எடுக்கலாம், எல்லாவற்றையும் போட முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தையும், பாதிக்கப்பட்ட குழந்தையின் முகத்தையும் வெளியிடுவது குற்றம். செத்தவர் உடலை லைக்குக்காகப் பகிர்வது எந்தச் சட்டத்திலும் இல்லாவிட்டாலும் குற்றம்தான். சாவில் மட்டும் எடுக்காதீர்கள். நம் பாட்டிகளில் எத்தனை பேருக்கு ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் தவிர வேறு படம் இருக்கிறது? நடவு முடிந்து கரையேறும்போது, ஏப்ரல் 14இல் புதுப்புடவையில், பேத்தி பட்டம் வாங்கிய அன்றைக்கு எடுங்கள். பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள்.

ஆறு அடுத்த மழைக்கும் வரும். கணக்கெடுக்கிறவரும் வருவார். "எந்த வீடு, என்னைக்கு எடுத்தது?" என்று மறுபடி கேட்பார். இந்த முறை படிப்பகத்து நோட்டை எடுத்து அவர் முன்னால் விரிப்போம்.

ஜெய்பீம்.