பி.எஃப். பணத்துக்கு ஏன் இத்தனை பூட்டு?

சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் தெருவுக்குள் நுழைந்தால் மடியில் சுளகும் பீடி இலையுமாகத் திண்ணையில் நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்றால் வெளியூர் நண்பர்கள் நம்புவதில்லை. "வீட்ல இருந்து சுத்துறவங்களுக்கு எப்படிலே பி.எஃப்.?" என்கிறார்கள்.

சும்மா வந்துவிடவில்லை அய்யா. 1977-இல் பீடித் தொழில் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வந்தது. வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளிகளே இல்லை என்று முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985-இல் தீர்ப்பு வந்தது. சரியில்லாத பீடியைக் கழித்துப் போடும் உரிமை உன்னிடம் இருக்கிறது, அதுவே மேற்பார்வைதான், ஆகவே அவர்கள் உன் தொழிலாளிகள்தான் என்றது கோர்ட். பீடியைக் கழிக்கிற கையை வைத்தே முதலாளியைப் பிடித்த தீர்ப்பு! எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பும்கூட.

சரி, விஷயத்துக்கு வருவோம். அப்படிக் கிடைத்த பணத்தை எப்போது கையில் வாங்கலாம்? வேலையை விட்டு ரெண்டு மாசம் சும்மா இருந்தால் மொத்தத்தையும் எடுக்கலாம் என்பதுதான் பல வருஷமாக இருந்த வழக்கம். 2025 அக்டோபர் 13 அன்று பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு கூடி, அந்த ரெண்டு மாசத்தைப் பன்னிரண்டு மாசமாக்க முடிவெடுத்தது. வேலை போனதும் 75 சதவீதம் எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு ஒரு வருஷம் காத்திரு. பென்ஷன் கணக்கில் இருப்பதை எடுக்க முன்பு ரெண்டு மாசம், இனி 36 மாசம்.

நல்லதும் செய்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. பதிமூன்று வகையாகக் கிடந்த இடைக்கால எடுப்பு விதிகளை மூன்றாகச் சுருக்கினார்கள். படிப்புக்குப் பத்து தடவை, கல்யாணத்துக்கு ஐந்து தடவை எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரு வருஷ சர்வீஸ் போதும். இதெல்லாம் நல்லதுதான். அப்புறம் அந்தக் கால்வாசியை மட்டும் எதற்காகப் பூட்டினீர்கள்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். மாசம் ஐயாயிரம் ரூபாய் கூலி என்று வையுங்கள். பீடித் தொழிலுக்குப் பிடித்தம் 12 அல்ல, 10 சதவீதம். அவள் பங்கு 500. கம்பெனி பங்கும் 500, ஆனால் அதில் 8.33 சதவீதக் கணக்கில் 416 ரூபாய் பென்ஷனுக்குப் போய்விடும். பி.எஃப்.பில் விழுவது மாசம் 583 சொச்சம். மூன்று வருஷம் சுற்றினால் வட்டி நீங்கலாக 21,000. அதில் கால்வாசி 5,250. இதை ஒரு வருஷம் பூட்டி வைத்தால் 8.25 சதவீத வட்டியில் 433 ரூபாய் சேரும். இதுதான் அவளுடைய முதுமைப் பாதுகாப்பாம்! கந்துவட்டிக்காரனிடம் அதே ஐயாயிரத்தை வாங்கினால் ரெண்டு மாசத்தில் அந்த 433 காணாமல் போகும்.

ஆட்குறைப்பு என்றால் முழுப் பணமும் உண்டு என்று அதே முடிவில் இருக்கிறது. பீடிக் கடையில் யாருங்க ஆட்குறைப்பு அறிவிக்கிறார்கள்? "இந்த வாரம் இலை இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார்கள். வேலை போய்விட்டது என்பது அவளுக்கே ரெண்டு மூணு மாசம் கழித்துத்தான் உறைக்கும்.

இதற்கு அவர்கள் சொல்லும் பதில், மக்கள் அடிக்கடி எடுத்துவிடுகிறார்கள், கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்பது. இறுதிக் கணக்கு முடிக்கும்போது பாதி உறுப்பினர்களிடம் 20,000 ரூபாய்கூட இருப்பதில்லை என்று அரசே சொன்னது. உண்மைதான். ஆனால் அந்தப் புள்ளிவிவரத்தில் எனக்குத் தெரிவது கூலியின் லட்சணம், அவர்களுக்கு மட்டும் ஊதாரித்தனம் தெரிகிறது. சொற்பக் கூலியில் பத்து சதவீதம் பிடித்தால் சொற்பம்தான் சேரும். பூட்டை மாற்றினால் பெட்டிக்குள் பணம் பெருகிவிடுமா?

பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், நடுவில் எடுத்துவிட்டால் அது அறுந்துபோகிறது என்பது மட்டும் கொஞ்சம் நியாயமான வாதம். அப்படியானால் சர்வீஸ் கணக்கை அறுக்காமல் வைத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க ஒரு வழி பண்ணுங்களேன். பத்து வருஷம் முடித்தவளுக்குத்தான் என்ன கிடைக்கிறது? 2014-இல் குறைந்தபட்ச பென்ஷன் மாசம் ஆயிரம் என்று வைத்தார்கள். 2025-இல் இந்தப் பூட்டைப் போட்டபோதும் அதே ஆயிரம்தான். முதுமை மேல் அக்கறை இருந்தால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது.

இந்த விளையாட்டு இவர்களுக்குப் புதுசும் இல்லை. 2016 பிப்ரவரி 10-இல் ஒரு அறிவிப்பு போட்டார்கள்: முதலாளி பங்கை 58 வயதுக்கு முன்னால் தொட முடியாது. ஏப்ரல் 18-ஆம் தேதி பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், தையல் மெஷினை விட்டு எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். எந்தப் பெரிய தலைவரும் கூப்பிடவில்லை. ரெண்டு நாள் ஓசூர் ரோடு ஸ்தம்பித்தது. தடியடி, கண்ணீர்ப்புகை எல்லாம் நடந்தது. பஸ்கள் எரிந்தன, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 19-ஆம் தேதியே தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அறிவிப்பை வாபஸ் வாங்கினார். அந்தப் பெண்களுக்கு பி.எஃப். என்பது கிழவியான பிறகு வரும் காசு அல்ல. இந்தக் கம்பெனியை விட்டால் அடுத்த வேலை வரைக்குமான அரிசி, பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, மூன்று மாசச் சம்பளம் அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் இதே அரசுதான். அன்றைக்கு மட்டும் அது முதுமைப் பணம் இல்லையா? நாட்டுக்கே வேலை போனால் திறக்கிற பூட்டு, ஒருத்திக்கு மட்டும் வேலை போனால் முக்கால்வாசிதான் திறக்குமாம்.

கணினி முன்னால் உட்கார்ந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கும் ஒன்று. நமக்கு நாளைக்கு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கும், பி.எஃப்.பும் பிடிப்பார்கள். நம் பெற்றோரிடம் கொஞ்சம் இருந்தால் அந்தக் கால்வாசி ஒரு வருஷம் தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம். திண்ணையில் இருக்கிறவள் அப்படி விட முடியாது. காதில் கிடப்பதைக் கழற்றி அடகுக் கடைக்குப் போவாள். அந்த வட்டியை எந்த அறங்காவலர் குழு கட்டும் என்று யாராவது சொல்லுங்கள்.