கிராப்பும் கயிறும்

ஆடை அற்பமாம்! அலங்காரம் ஆகாததாம்! "சினிமாவைப் பார்த்துச் சீரழிகிறான் இளைஞன், அவன் தலையைப் பார், சட்டையைப் பார்" என்று பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடை முதல் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறை வரையில் பெருமூச்சு விடுகிறார்கள் பெரியவர்கள். காதோரம் ஒட்ட வெட்டி, உச்சியில் மட்டும் முடி வளர்த்த பையன் ஒருவன் இராமநாதபுரத்துத் தெருவில் நடந்துவிட்டால் போதும்; பண்பாடே பாம்பன் கடலில் மூழ்கிவிட்டதாகப் பதறுகிறார்கள்.

நாம் கேட்கிறோம்: ஆடையும் முடியும் அற்பமென்றால், அந்த அற்பத்துக்காக இந்த மாவட்டத்தில் குடிசைகளை ஏன் கொளுத்தினார்கள்?

கட்டுக்கதையல்ல, தோழர்களே! 1931ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஜே. எச். ஹட்டன், சாதி பற்றிய தம் நூலில் பதித்துவைத்திருக்கும் செய்தி. இன்றைய சிவகங்கையையும் விருதுநகரையும் தன்னுள் அடக்கியிருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், ஆதிக்கச் சாதியார் ஆதி திராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியக்கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் அவர்களுக்கு ஆகாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது. காலில் செருப்பு மாட்டக்கூடாது.

எண்ணிப் பாருங்கள். எட்டில் ஏழு, மனித உடலின்மீது போடப்பட்ட பூட்டு! எஞ்சிய ஒன்று சமையற்கட்டுக்கு. தடையை மீறியவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? குடிசைக்குத் தீ, தானியக் குதிருக்கு அழிவு, ஆடு மாடுகளுக்குக் கொள்ளை.

அதோடு நின்றார்களா? 1931 ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது. மிராசுதாரின் மாடு மேய்க்கவேண்டும். சொந்த நிலத்தை மிராசுதாருக்கே மலிவாக விற்றுவிடவேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை உழைத்தால் ஆணுக்கு நான்கணா, பெண்ணுக்கு இரண்டணா. இதுதான் புதிய சட்டம்!

முதலில் சட்டை, அடுத்துச் சிலேட்டு, அதற்கடுத்து நிலமும் கூலியும். இந்த வரிசையைக் கவனியுங்கள். சட்டை போட்டவன் நிமிர்வான், நிமிர்ந்தவன் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவான், படித்த பிள்ளை கூலிக் கணக்கைக் கேட்பான் என்பதைத் தடை விதித்தவன் தெளிவாக அறிந்திருந்தான். ஆடையின் அருமை நம் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. அடக்குகிறவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

புதுக்கோலம் எங்கிருந்து வருகிறது? கண் கண்டதிலிருந்து வருகிறது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகள் மண்டபம் முகாமின் வழியே அடைத்து அனுப்பப்பட்டனர். பர்மாவுக்குப் போனவர் உண்டு. மலேயாவுக்குப் போனவர் உண்டு. போனவன் வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம், வெறுங்கண்ணோடு திரும்பவில்லை. வேறு ஊரில் வேறு மனிதன் எப்படி உடுத்துகிறான், எப்படி நடக்கிறான் என்று பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு முன், ஊர்க்கட்டுப்பாடு எத்தனை நாள் நிற்கும்?

"மரபு" என்று மார்தட்டுகிறவர் மாலையில் வீட்டுக்குப் போனதும் என்ன உடுத்துகிறார்? கைலி! கீழை நாட்டுக் கடல் வாணிகத்தோடு கலந்து வந்த உடை. கீழக்கரையில் மரைக்காயர் உடுத்தினார். இன்று சாதி மத வேறுபாடின்றி இந்தக் கடற்கரை முழுவதும் உடுத்துகிறது. கடல் கடந்து வந்த கைலி மரபாகிவிட்டது. திரை கடந்து வந்த கிராப்பு மட்டும் தீட்டாம்! என்ன நியாயம் இது?

இராமேசுவரத்துக்கு வாருங்கள். அந்த 1931ஆம் ஆண்டிலேயே அக்டோபர் 15ஆம் நாள் அங்கே ஒரு படகுக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளை, அப்துல் கலாம். தொடக்கப் பள்ளியில் முன்வரிசையில் இருந்தான், தலையில் தொப்பி. பக்கத்தில் அர்ச்சகர் மகன், மார்பில் பூணூல். புதிதாக வந்த ஆசிரியர் கண்ணுக்கு இரண்டு சிறுவர்கள் தெரியவில்லை. தொப்பியும் பூணூலும்தான் தெரிந்தன. தொப்பி கடைசி வரிசைக்குத் துரத்தப்பட்டது! பிள்ளை நெஞ்சில் நஞ்சு விதைக்காதே என்று அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தவர் அர்ச்சகரே என்பதையும் கலாம் தம் வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கிறார். பின்னாளில் அந்தச் சிறுவன் 2002இல் குடியரசுத் தலைவரானான். நடுவகிடெடுத்து இரு புறமும் இறங்கிய நரைமுடியோடு, எவருடைய கத்தரிக்கும் பணியாத கோலத்தோடு மாளிகையில் அமர்ந்தான். இன்று மாறுவேடப் போட்டியில் கலாமாக வரும் பிள்ளைக்கு அந்த முடி ஒன்றே போதும். பெயர் சொல்லத் தேவையில்லை. தொப்பியைப் பிறர் அடையாளமாக்கினர். முடியை அவரே தம் அடையாளமாக்கிக்கொண்டார். பிறன் குத்தும் முத்திரைக்கும் தானே தேரும் தோற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சினிமாவுக்கு வருவோம். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியார் மேலாடையைக் களைந்தார். ஏழையோடு ஏழையாக நிற்க எண்ணினார். அம்பேத்கர் கோட்டு அணிந்தார். ஏழையாகவே நிற்கும்படி விதிக்கப்பட்டவரை எழுப்ப எண்ணினார். சட்டை உள்ளவன் கழற்றினால் தியாகம். சட்டையே கூடாதென்று தடுக்கப்பட்டவன் அணிந்தால் புரட்சி! ஏடுகளில் அறிஞர் மட்டும் பேசிக்கொண்டிருந்த இந்த வேறுபாட்டை, 2016இல் பா. இரஞ்சித்தின் 'கபாலி' படத்தில் கோட்டு அணிந்த இரஜினிகாந்த் பேசினார். கொட்டகை அதிரக் கைதட்டினான் நம் இளைஞன். திரையைப் பார்த்துக் கோட்டு தைத்துக்கொண்டவனை ஏளனம் செய்யாதீர்கள். அவன் பாட்டனுக்கு மறுக்கப்பட்ட உடையாக அது இருக்கலாம்.

ஆனால் தம்பி, உனக்கும் ஒரு சொல். நடிகரின் கிராப்பை எடுத்துக்கொள். நடிகருக்கு உன் தலையைக் கொடுத்துவிடாதே! கட் அவுட்டுக்குப் பால் ஊற்றும் கை, கோயில் சிலைக்குப் பால் ஊற்றும் கையைக் கேலி செய்யும் உரிமையை இழந்துவிடுகிறது. பிடித்ததைப் பொறுக்கியெடு, உனக்குப் பொருந்துகிறதா என்று பார், பொருந்தாவிட்டால் தள்ளு. பகுத்தறிவு கடவுளிடம் மட்டுமா வேலை செய்யவேண்டும்? கண்ணாடி முன்னும் வேலை செய்யட்டும்.

இனி, கயிற்றுக்கு வருகிறேன்.

பள்ளி மாணவனின் மணிக்கட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணவண்ணமாகக் கயிறு. எந்த வண்ணம் எந்தச் சாதி என்று மாணவனுக்குத் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். இதைத் தடுக்க 2019 ஆகஸ்டில் பள்ளிக் கல்வித் துறையின் சுற்றறிக்கை ஒன்று வெளிவந்தது. மத உணர்வு புண்படுகிறதென்று ஒரு கூட்டம் கூச்சலிட்டது. பழைய நிலையே தொடருமென்று அன்றைய அமைச்சர் பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதி காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்கவேண்டுமென்று பரிந்துரைத்தது.

நானும் ஆசிரியன், ஆகவே சொல்கிறேன். ஒரு பள்ளியில் கண்ட காட்சி. முடி நீண்ட மாணவன் ஒருவனைக் காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையிலிருந்து இழுத்து, நாவிதரை வரவழைத்து, அனைவர் முன்னும் ஒட்ட வெட்டினார்கள். அவன் தலையைப் பிடித்திருந்த மாணவனின் மணிக்கட்டில் இருவண்ணக் கயிறு! அதைச் சுட்டிக் காட்டினால், "அது நம்பிக்கை, நமக்கேன் வம்பு" என்று விடை வருகிறது. முடியைக் கண்டால் கூர்மையாகும் கத்தரி, கயிற்றைக் கண்டால் மழுங்குவதேன்? முடி எவரையும் வெட்டியதில்லை. கயிறு வெட்டியிருக்கிறது.

"ஒழுங்கு வேண்டாமா? சீருடை வேண்டாமா?" என்பர். வேண்டும்! ஏழை, பணக்காரன், மேல், கீழ் என்ற பேதம் வகுப்பறையில் தெரியக்கூடாதென்பதற்கே சீருடை. அந்த நோக்கத்தை முறியடிப்பது முடியா, கயிறா? பேதத்தைக் காட்டுவது எதுவோ அதை அவிழ்ப்பதே ஒழுங்கு. ஆதி திராவிடன் கிராப்பு வெட்டக்கூடாது என்றது 1930. உன் விருப்பப்படி வெட்டக்கூடாது என்கிறது இன்றைய கத்தரி. இரண்டும் ஒரே அளவுக் கொடுமையென்று நான் கூறவில்லை. ஆனால் உன் உடலுக்கு அதிகாரி நான் என்ற குரல் இரண்டிலும் ஒன்றே.

அழகுக்கு முன்மாதிரி தேடித் திரைக்கு மட்டுமே ஓடவேண்டியதில்லை. பாம்பன், சின்னப்பாலம் கடலோரத்தில் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். புடவைமேல் ஆண் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணுக்கு நீர்க்கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. பாறையும் உப்பும் வெயிலும் வகுத்துத் தந்த உடை அது. பெண்கள் கிராப்பு வெட்டிக்கொள்ளட்டும், சட்டையும் கைலியும் அணியட்டும் என்று பெரியார் சொன்னபோது நகைத்தார்கள் நாகரிகர்கள். இங்கே பெண், மேடைப் பேச்சைக் கேட்டு அணியவில்லை. வேலை கேட்டது, அணிந்தாள். எந்தச் சாத்திரி அவளிடம் போய்ச் சட்டையைக் கழற்று என்று சொல்வான்?

தோழர்களே! தோழியரே! உடுத்துங்கள், உவந்ததை உடுத்துங்கள். திரையில் கண்டதோ, தெருவில் கண்டதோ, கடலில் கண்டதோ, எதுவாயினும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் இரண்டே கேள்விகள்: இதைத் தேர்ந்தவன் நானா, என்மேல் சுமத்தியவன் வேறொருவனா? இது என்னை நிமிர்த்துகிறதா, பக்கத்திலிருப்பவனைக் குனிய வைக்கிறதா? இந்தச் சோதனையில் கிராப்பு தேறும், கோட்டு தேறும், கைலி தேறும். கயிறு தேறாது.

தேறாததை அவிழ்த்தெறியுங்கள். அவிழ்க்க அஞ்சும் தம்பியின் கையைப் பிடித்து, அவிழ்க்கத் துணை நில்லுங்கள். ஆசிரியத் தோழர்களே, கத்தரி உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை எங்கே வைக்கப்போகிறீர்கள்?