நாட்குறிப்பின் சாவி யாரிடம்?



நாட்குறிப்பு எழுதுவது நல்ல பழக்கம் என்று நம் ஆசிரியைகள் ஆண்டுதோறும் சொல்வதுண்டு. ஜனவரி முதல் நாளன்று புது டைரியில் முத்து முத்தான கையெழுத்தில் தொடங்கிப் பொங்கல் முடிவதற்குள் நிறுத்திவிடுவோர் நம்மில் பலர். நானும் அவர்களில் ஒருத்தியே.

இவ்வாண்டு எங்கள் வகுப்பு மாணவியர் ஐவர், கணினி ஆசிரியையின் துணையோடு, இதற்கென ஓர் இணையச் செயலியை உருவாக்க முற்பட்டோம். அதில் ஒரு பக்கம் வீட்டுப்பாடம், தேர்வு நாட்கள், செய்ய வேண்டிய வேலைகள், மறுபக்கம் நாட்குறிப்பு. பள்ளிக் கணினியிலும் எழுதலாம். வீட்டில் கைப்பேசியிலும் எழுதலாம்.

தாளும் பேனாவும் இருக்க இது எதற்கு என்று கேட்போர் உண்டு. என் அம்மா கேட்கமாட்டார். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் புகுந்தது. அம்மா பல ஆண்டுகளாக எழுதி வந்த குறிப்பேடுகள் சேற்றோடு சேறாயின. அப்போது நான் சின்னஞ்சிறுமி. ஆனால் அவற்றை மொட்டை மாடியில் உலர்த்திப் பார்த்து, ஓர் எழுத்தும் தேறாமல், அம்மா மௌனமாக நின்றது இன்னும் என் நினைவில் இருக்கிறது. வெள்ளம் கொண்டு போக முடியாத ஏடு ஒன்று வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இப்பணியில் ஊக்கம் தந்தது.

செயலியைச் சோதிக்கத் தோழியர் சிலரை எழுதச் சொன்னோம். முதல் நாள் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன! தரவுத்தளத்தை யூனிகோடு முறைக்கு மாற்றியமைத்தோம். தமிழ் சரியாக வருகிறதா என்று பார்க்க, மறுநாள் நான் தரவுத்தளத்தைத் திறந்தேன். தமிழ் தெளிவாக வந்திருந்தது. என் அருகில் அமரும் தோழி தன் வீட்டில் நடந்த ஒரு துயரத்தைப் பற்றி எழுதியிருந்த இரண்டு வரிகள் என் கண்முன் நின்றன. அவள் அதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

உடனே மூடிவிட்டேன். ஆயினும் படித்ததைப் படிக்காததாக ஆக்க முடியுமா? அன்று அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் அவளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. "இனி அதில் எழுத மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தவறு எங்கே நேர்ந்தது? கடவுச்சொற்களை யாரும் படிக்க முடியாத உருவில் மாற்றி வைத்த நாங்கள், நாட்குறிப்பை அப்படியே வைத்துவிட்டோம். வாசற்கதவுக்குப் பூட்டுப் போட்டோம். பெட்டியைத் திறந்து வைத்தோம். இது எங்களுக்கு மட்டும் உரிய தவறன்று. எழுதுகிறவளைத் தவிர வேறு எவரும், செயலியைச் செய்தவர்கூட, படிக்க முடியாது என்ற உறுதி இல்லாத எந்தச் செயலியும் இத்தகையதே.

நாட்குறிப்புக்குத் தனிமை ஏன் இவ்வளவு இன்றியமையாதது? புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 1736 முதல் 1761 இல் தாம் மறையும் வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, ஊரார் பேசிக்கொண்டது எல்லாம் அதில் உண்டு. ஆளுநர் துய்ப்ளேயின் மனைவி மீது தமக்கிருந்த மனக்குறையையும் அவர் மறைக்கவில்லை. அந்த ஏட்டை ஆளுநர் மாளிகையில் இரவுதோறும் படித்துப் பார்ப்பார்கள் என்றிருந்தால் அவர் அப்படி எழுதியிருப்பாரா? புகழுரைகளே மிஞ்சியிருக்கும். 1846 இல் அது கண்டெடுக்கப்பட்டபோது, வரலாற்றறிஞர்களுக்கு ஒரு புதையல் கிடைத்தது. ஒருவர் தமக்கென்று உண்மையாக எழுதியதாலன்றோ அது புதையலாயிற்று?

ஆம்ஸ்டர்டாமில் மறைந்து வாழ்ந்த சிறுமி ஆன் பிராங்கின் நாட்குறிப்பை நாம் அறிவோம். 1944 ஆகஸ்டில் அவளும் குடும்பத்தாரும் பிடிபட்ட பிறகு, சிதறிக் கிடந்த அத்தாள்களைத் திரட்டி எடுத்து வைத்தவர் மீப் கீஸ் என்னும் பெண்மணி. அவர் அவற்றைத் தம் மேசை அறையில் வைத்தார், படிக்கவில்லை. ஆன் திரும்பி வந்தால் அவளிடமே கொடுக்க எண்ணியிருந்தார். அவள் இறந்துவிட்டாள் என்று தெரிந்த பின்னரே அவள் தந்தையிடம் ஒப்படைத்தார். காப்பது, படிக்காமல் இருப்பது, உரியவரிடம் திருப்பித் தருவது ஆகிய இம்மூன்றையும் செய்யும் செயலியே நமக்கு வேண்டும்.

"பிள்ளைகள் எழுதுவதைப் பெற்றோரும் ஆசிரியரும் பார்ப்பதுதானே பாதுகாப்பு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அக்கேள்வியில் அன்பு இருக்கிறது. ஆனால் பிறர் படிப்பார்கள் என்று அறிந்த பெண், அவர்கள் விரும்புவதையே எழுதுவாள், துயரத்தை எழுதமாட்டாள். அப்போது பெரியவர்களுக்கும் ஒன்றும் தெரியாமற் போகும். அதைவிட, நாட்குறிப்பைப் பூட்டி வைத்து, பக்கந்தோறும் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைத் தருவோம். நாடி வரும் மாணவியிடம் பெரியவர்கள் பொறுமையோடு பேசட்டும். வீட்டுப்பாடப் பட்டியலை எல்லாரும் பார்க்கலாம். அதில் இரகசியம் ஏதுமில்லை. தனிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நமக்கு வயது பதினாறுதான் என்றாலும் நாமும் இந்நாட்டுக் குடிமக்களே.

இப்போது செயலியை மீண்டும் முதலிலிருந்து செய்து வருகிறோம். எழுதியது அவளவள் கருவியிலேயே மறைமொழியாக மாறி, அதன் பிறகே சர்வருக்குச் செல்லும். தரவுத்தளத்தைத் திறந்தால் எங்களுக்குக் குழம்பிய குறிகளே தெரியும். நம்மில் பலர் அம்மாவின் கைப்பேசியையே பயன்படுத்துவதால், சில நிமிடங்கள் தொடாதிருந்தால் பக்கம் தானே மூடிக்கொள்ளும். விரும்பியபோது தன் எழுத்து முழுவதையும் நகலெடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அழித்துவிடலாம்.

இதில் ஒரு குறையும் உண்டு. சாவியைத் தொலைத்தவளுக்கு எங்களாலும் திறந்துதர இயலாது. அதை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவதும், மாதம் ஒருமுறை நகல் எடுப்பதும் அவரவர் கடமை. சாவி நம் கையில் இருக்க வேண்டுமானால் பொறுப்பும் நம் கையில்தான் இருக்கும்.

தோழியரே, செயலி செய்யக் கற்றுக்கொள்வது பெருமைதான். அதைவிடப் பெருமை, பிறர் மனத்தைக் காக்கக் கற்றுக்கொள்வது. அந்தத் தோழி இன்னும் எழுதத் தொடங்கவில்லை. புதுச் செயலி முடிந்ததும் முதலில் அவளிடம்தான் காட்டப் போகிறேன். அவள் மீண்டும் எழுதுவாளா என்பது தெரியாது. எழுதினாலும் என்ன எழுதினாள் என்பது எனக்குத் தெரியப் போவதில்லை. அதுவே எங்கள் வெற்றியாக இருக்கட்டும்!

— பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி