காயல்பட்டினம் அரபு ஊர் அல்ல

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்து ஆறுமுகநேரியைத் தாண்டியதும் யாராவது ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் விளக்கம் சொல்லத் தொடங்குவார்: "அடுத்தது காயல்பட்டினம். அரபுக்காரங்க வந்து குடியேறின ஊரு." பயணக் கட்டுரைகள் இதை வியப்போடு எழுதுகின்றன. வெறுப்பு மேடைகள் இதையே பிடித்துக்கொண்டு, "வந்தவர்கள்தானே, திரும்பிப் போகட்டும்" என்கின்றன. ஊருக்குள்ளும் சில குடும்பங்கள் தங்கள் வம்ச வரிசையை அரபுக் கடற்கரைவரை நீட்டிப் பெருமை கொள்கின்றன. மூவரின் நோக்கமும் வேறு. ஆனால் காயல்பட்டினத்து முஸ்லிம்கள் இனத்தால் அரபிகள், தமிழ் அவர்கள் பிற்பாடு எடுத்துக்கொண்ட மொழி என்ற நம்பிக்கை மூவருக்கும் பொது. அந்த நம்பிக்கை தவறானது. அதனால் விளையும் தீங்கும் சிறியதல்ல.

அரபிகள் வரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வந்தார்கள். காயல்பட்டினத்துக்கு அருகே தாமிரபரணியின் முகத்துவாரத்தில், இப்போது பழையகாயல் என்று நாம் சொல்லும் இடத்தில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட துறைமுகம் பாண்டியர்களின் குதிரை இறக்குமதிக்குப் பெயர்பெற்றது. ஏடனிலிருந்தும் தோஃபாரிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் கிஷ் தீவிலிருந்தும் கப்பல்கள் அங்கே வந்தன. கிஷ் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த தக்கியுத்தீன் பாண்டியர் அவையில் அமைச்சராகவே இருந்தார். கடற்கரை முஸ்லிம்கள் இன்றும் அரபுக் கடற்கரையில் வழங்கும் ஷாஃபி மத்ஹபை, அதாவது சட்ட மரபைப் பின்பற்றுகிறார்கள். உள்நாட்டுத் தமிழ் முஸ்லிம்களான ராவுத்தர்களோ பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர். கடல்வழித் தொடர்பு எவ்வளவு பழையது, எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மேலே சொன்ன துறைமுகங்களை இன்னொரு முறை பார்த்தால், ஹோர்முஸும் கிஷும் பாரசீகக் கரையை ஒட்டியவை என்பதும் தெரியும். வந்தவர்களே ஒரே இனத்தவர் இல்லை.

அந்தக் கப்பல்களில் வந்தவர்கள் யார்? ஆண்கள். வணிகர்கள், மாலுமிகள், குதிரைக்காரர்கள். பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் கரையில் தங்கியவர்கள். அவர்களில் சிலர் இங்கேயே மணம் முடித்தார்கள். மணந்த பெண்கள் இந்தக் கரையின் பெண்கள். பிள்ளைகள் தாயின் வீட்டில், தாயின் மொழியில், தாயின் சமையலில் வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் அப்படியே. கடல் கடந்து வந்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், இங்கேயே பிறந்து இங்கேயே இஸ்லாத்தை ஏற்ற குடும்பங்களும் இவர்களோடு சேர்ந்தன. பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூதாதையர் உண்டு. அவர்களில் ஒரே ஒருவர் ஏடனிலிருந்து வந்தார் என்பதற்காக அவர் ஒருவரின் பெயரைச் சொல்லி மற்றவர்களை எல்லாம் விட்டுவிடுவதைத்தான் 'அரபு வம்சம்' என்கிறோம். அப்படி விடுபட்டவர்களில் பாதிப்பேர் பெண்கள். என் முதல் கோபம் அதில்தான்.

காயல்பட்டினத்தைப் பற்றிப் பேசும்போது பெண்களை விட்டுவிடுவது இரட்டிப்பு அநியாயம். ஏனென்றால் அது பெண்களின் வீடுகளால் கட்டப்பட்ட ஊர். திருமணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு எழுதி வைக்கப்படுகிறது. அக்கா தங்கைகள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ, தாயைச் சுற்றியே தெரு வளர்கிறது. வீடுகளுக்கு இடையே ஓடும் குறுகலான முடுக்குகள் வழியாகப் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகிறார்கள். அவர்கள் கூடித் தொழவும் ஓதவும் தனித் தைக்காக்கள் உண்டு. ஆண்கள் கொழும்புக்கும் சென்னைக்கும் ஹாங்காங்குக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனபோது ஊரை ஊராக வைத்திருந்தவர்கள் உம்மாக்களும் அக்காமாரான லாத்தாக்களும்தான்.

இந்த வழக்கம் அரேபியாவிலிருந்து வந்ததா? அங்கே மனைவிதான் கணவனின் வீட்டுக்குப் போகிறாள். காயல்பட்டினத்தின் முறைக்கு உறவுமுறைகளைத் தேடினால் கீழக்கரையிலும், மலபார்க் கடற்கரையிலும், இலங்கையின் கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் அவர்களுடைய அண்டைத் தமிழர்களிடமும் கிடைக்கும். ஒரு சமூகத்தின் அந்தரங்கமான ஏற்பாடு என்றால் யார் யாருடைய வீட்டில் வாழ்வது, சொத்து யாருக்குப் போவது என்பதுதான். அந்த ஏற்பாடே இந்துமாக் கடலின் இந்தப் பக்கத்துக்கு உரியதாக இருக்கும்போது, ஊரை அரபு ஊர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கல்லும் அதையே சொல்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய பள்ளிவாசல்களில் கும்மட்டம் இல்லை. வரிசை வரிசையாகக் கல்தூண்கள், மேலே தட்டையான கல்கூரை, போதிகைகள். பாண்டிநாட்டுக் கோயில் மண்டபத்தில் வேலை செய்த அதே கல்தச்சர் மரபு, உருவங்களை மட்டும் தவிர்த்துவிட்டுப் பூவும் கொடியும் செதுக்கியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகத்தைப் புகழ்ந்து பாட விரும்பியபோது எடுத்துக்கொண்டது முருகனைப் பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தத்தை. காசிம் புலவருடைய நூலின் பெயரும் திருப்புகழ்தான். பெண்கள் கடிதமெழுதவும் மார்க்க நூல்களைப் படிக்கவும் பயன்படுத்திய அரபுத்தமிழில் எழுத்து அரபு, மொழி தமிழ்.

இதையெல்லாம் 'தமிழ்ப் பண்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள்' என்று சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கனிவாகச் சொல்லப்பட்டாலும் அது பிழை. ஏற்றுக்கொள்கிறவர் வெளியே இருப்பவர். காசிம் புலவர் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. தன் வீட்டில் இருந்ததை எடுத்துப் பாடினார்.

மரபணுச் சான்று கேட்பவர்களுக்கு அதுவும் உண்டு. இந்திய முஸ்லிம் சமூகங்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, மேற்காசிய, ஆப்பிரிக்கச் சுவடுகள் சில குழுக்களில் சிறிய அளவில் இருப்பதையும், பெரும்பங்கு அண்டை வீட்டு முஸ்லிம் அல்லாதவர்களுடையதைப் போலவே இருப்பதையும் காட்டியது. ஆனால் வாதத்தை அதன்மேல் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. சுவடு சிறியதாக இல்லாமல் பெரியதாக இருந்திருந்தால் மட்டும் அந்த மக்களின் உரிமை குறைந்துவிடுமா?

பக்கத்திலேயே ஓர் ஒப்புமை இருக்கிறது. முத்துக்குளித்துறை எனப்படும் இதே கரையில் பரதவர்கள் 1530களில் போர்ச்சுக்கீசியர் காலத்தில் கத்தோலிக்கர் ஆனார்கள். பர்னாந்து, கோஸ்தா, ரோட்ரிகோ, மச்சாது என்று பெயர் சூடினார்கள். தூத்துக்குடி பர்னாந்து ஒருவரைப் பார்த்து யாரும் "நீங்கள் போர்ச்சுக்கீசியர்" என்பதில்லை. பெயர் ஞானஸ்நானத்தில் வந்தது, ஆள் இந்தக் கரைக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே கரையில், அதே முத்தையும் சங்கையும் குளித்தெடுத்த இன்னொரு கூட்டத்தார் முகம்மது என்றும் ஃபாத்திமா என்றும் பெயர் வைத்தால் மட்டும் அவர்களுடைய ரத்தமே மாறிவிட்டதாக எண்ணுகிறோம். பிஷப் கால்டுவெல் பழையகாயலில் சீனப் பானையோடுகளையும் கண்டெடுத்தார். அதனால் அது சீன ஊர் என்று எவரும் எழுதவில்லை.

இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கை எடுத்துக்காட்டு. 1888இல் சட்டசபை உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன், அங்குள்ள தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகர்கள் மொழியாலும் வழக்கத்தாலும் இனத்தாலும் தமிழர்களே என்று ஆசியச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். அதை மறுத்து 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் அரபு வம்சத்தை நிலைநாட்ட எழுதினார். வெளியிலிருந்து பார்த்தால் இனவரைவியல் விவாதம். உள்ளே இருந்தது சட்டசபையில் யார் யாருக்காகப் பேசுவது என்ற கேள்வி. இராமநாதனின் சான்றுகளில் பல சரி. ஆனால் அவற்றை வைத்து ஒரு சமூகத்துக்குத் தனிக் குரல் தேவையில்லை என்று வாதிட்டது தவறு. அந்தத் தவறுக்குப் பயந்து அரபு ரத்தத்தில் புகலிடம் தேடியதும் தவறாகவே முடிந்தது. இலங்கைக் குடிக்கணக்கில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டு கட்டங்கள் வந்தன. காயலில் இருக்கும் அண்ணன் தமிழ் முஸ்லிம். கொழும்பில் கடை வைத்த தம்பி வேறோர் இனம். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் 'கரையோரச் சோனகர்' என்று பிரித்தறியப்பட்டவர்களின் கடைகள் எரிந்தன. அவர்கள் தமிழ்நாட்டுக் கடற்கரைகளிலிருந்து போனவர்கள்.

ஊருக்குள் உள்ளவர்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அரபு வம்சப் பெருமை வெளியாருக்கு எதிரான கேடயமாக மட்டும் இருந்ததில்லை. ஊரின் முஸ்லிம் பிரிவுகளில் மரைக்காயர் மேல், லெப்பை கீழ், நாவிதர்களான ஒசா இன்னும் கீழ் என்று பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் கோடு கிழிக்க அது பயன்பட்டிருக்கிறது. எல்லோரும் சமம் என்று ஒரே வரிசையில் நின்று தொழுதுவிட்டு, சம்பந்தம் பேசும்போது கப்பலில் வந்த பாட்டனைத் தேடுவது அந்த மார்க்கத்துக்கே விரோதம். தமிழ்நாட்டில் ராவுத்தர், மரைக்காயர் உட்பட லெப்பைகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒன்றாகவே இருக்கிறார்கள். 2007இல் வந்த 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டிலும் அப்படியே. சலுகை கேட்கும்போது சேர்ந்து நிற்கும் சமூகம் சம்பந்தத்தில் மட்டும் ஏன் பிரிய வேண்டும்?

'அரபு ஊர்' என்றதும் மறைந்துபோகும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கொம்புத்துறையும் சிங்கித்துறையும் மீனவர்களின் துறைகள். கொம்புத்துறையைப் பற்றி பிரான்சிஸ் சவேரியார் தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். பனங்காடுகளிலும் சுற்றியுள்ள உப்பளங்களிலும் உழைத்த நாடார்களும் தலித்துகளும், மரவேலையும் பொன்வேலையும் செய்த ஆசாரிகளும் இதே நகராட்சியின் வாக்காளர்கள். மரைக்காயர் வீட்டுத் தேக்குக் கதவைச் செதுக்கியவரும், பெருநாள் சமையலுக்கு மீன் கொண்டுவந்தவரும் இவர்களில் உள்ளவர்களே. சுமார் 40,000 பேர் வாழும் ஊரில் பிறர் எல்லோரையும் பின்னணி ஆக்கிவிட்டுத்தான் அந்த ஒற்றைப் பட்டத்தைச் சூட்ட முடிகிறது.

காயலைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட ஊர் வரலாறுகள் பெரும்பாலும் வந்திறங்கிய ஆண்களின் பெயர்களில் தொடங்கி, பெரியவர்களின் வம்ச வரிசையில் முடிகின்றன. மகளுக்கு வீடு எழுதிவைத்த பத்திரங்களும், உம்மாமார் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களும், கொம்புத்துறைக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் அந்த நூல்களில் இடம்பெறவில்லை. பழைய வீடுகள் இடிபட்டு மாடிகள் எழும் இந்த நாளில் பரணில் இருக்கும் கடிதங்கள் பழைய காகிதக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அரபு எழுத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த மூதாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஊரில் கல்லூரி இருக்கிறது, வெளியூரில் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள், செலவழிக்கப் பணமும் இருக்கிறது. அந்தக் கடிதங்களை அந்த மூதாட்டிகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, உட்கார்ந்து கேட்டு எழுதும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.