பாட்டின் மேல் யார் பெயர்?

இசைக்குழுவை விட்டு வந்தவர் போடும் முதல் தனித் தொகுப்பை ஊர் ஒரு விவாகரத்துச் செய்தியைப் போலத்தான் கேட்கிறது. யார் யாரை விட்டார்கள், எந்த வரி யாரைக் குத்துகிறது, பழைய குழு இனி பிழைக்குமா என்று பேச்சு போகும். பாட்டு கடைசியில்தான் வரும். தெருக்குரல் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' 2024-இல் வந்தபோதும் இந்தப் பேச்சுதான் முதலில் காதில் விழுந்தது. தங்கவயல் மாரிகுப்பத்திலிருந்து கேட்கிற நமக்கு அதில் வேறொரு வழக்கு இருக்கிறது.

அறிவைப் பலருக்கு அறிமுகம் செய்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை, ஏறியவர்கள் 19 பேர். எலெக்ட்ரிக் கிடாருக்குப் பக்கத்தில் பறை, கட்டமோளம், சட்டி. கானாவுக்குப் பக்கத்தில் ராப். சாவு வீட்டு வாசலோடு நிற்கவேண்டும் என்று ஒதுக்கப்பட்ட வாத்தியங்கள் ராக் மேடையின் நடுவுக்கு வந்தன. அந்த 19 பேரில் ஒருவர் அரக்கோணத்துப் பையன்.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. சாதியற்ற தமிழர் என்று மக்கள்தொகைக் கணக்கில் பதியச் சொன்னவர் அவர். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1914-இல் அவர் இறந்த சில காலத்துக்குள் நின்றுபோனது. 1926-இல் அதை மறுபடி எழுப்பியது நம் ஊர். பண்டித ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரை அது வந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்ததும் இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலைதான். பூமிக்கு அடியில் ஷிப்டு முடித்து மேலே வந்தவர்களின் கூலிக்காசு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. சென்னையில் ஒரு பாட்டுக் குழு 2018-இல் அந்தப் பெயரைச் சூடிக்கொள்ள முடிந்ததற்கு மாரிகுப்பத்து பௌத்த சங்கத்துக்காரர்களுக்கும் ஒரு நன்றி பாக்கி. யாரும் கேட்கவில்லை, நாமாகவே சொல்லிக்கொள்கிறோம்!

அறிவு ஒஃப்ரோவுடன் சேர்ந்து 2019-இல் 'தெருக்குரல்' தொகுப்பைக் கொண்டுவந்தார். தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஸ்னோலினுக்கு அதில் ஒரு பாட்டு உண்டு. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் நிதானமாகப் பார்க்கவேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டைப் பாடிய தீயின் முகம் இருந்தது, எழுதி உடன்பாடிய அறிவின் முகம் இல்லை. ரஞ்சித் கேள்வி எழுப்பிய பிறகு இணையத்துக்கென்று அறிவுக்குத் தனி அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. அவர் தன் பங்கு என்ன என்று எழுதினார். தீயும் பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். 2024 மார்ச்சில், மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார். மெட்டு யாருடையது என்று சண்டை போட்டவர்கள் எல்லோருக்குமே கூலி வரவில்லை. சுரங்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரியாதா என்ன?

எனவே 'வள்ளியம்மா பேராண்டி'யைக் கூட்டத்தை விட்டு ஓடிய ஒருவரின் தொகுப்பாகக் கேட்க முடியவில்லை. வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களின் வரிசையில் வந்தவர். தனித் தொகுப்புக்குத் தன் பெயரை வைக்காமல் பாட்டியின் பெயரை முன்னால் வைத்ததில் ஒரு பதில் இருக்கிறது. எல்லாப் பாட்டும் ஒரே தரத்தில் இல்லை. எதிரியைப் பார்த்துப் பேசும் இடங்களில் சொல் வேகமாக வந்து வேகமாகவே போய்விடுகிறது. சொந்தக்காரர்களைப் பார்த்துப் பேசும் இடங்கள்தான் நிற்கின்றன.

தன் பெயருக்கு முன்னால் மற்றவர் பெயரை வைக்கும் இந்தச் சோதனையில் தனியே போகிறவர் எல்லோரும் தேறுவதில்லை. ஃபியூஜீஸ் குழுவிலிருந்து தனியே வந்த லாரின் ஹில் 1998-இல் போட்ட தொகுப்பு அடுத்த ஆண்டு சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை வாங்கியது. அதில் உடன் உழைத்த நால்வர், எங்கள் பெயர் எங்கே என்று நீதிமன்றம் போனார்கள். 2001-இல் சமரசமாக முடிந்தது. தொகுப்பு அருமையானது, இன்றும் கேட்கலாம். அந்த நால்வரின் கேள்வியும் அருமையானது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் தாத்தாக்கள் இங்கே வந்தார்கள். அறிவின் அரக்கோணமும் அதே சீமைதான். ஒரு கூட்டம் கப்பலேறித் தேயிலைக்குப் போனது, இன்னொரு கூட்டம் ரயிலேறித் தங்கத்துக்கு வந்தது. தேயிலைக்குப் போனவர்களுக்கு ஒரு பேரன் பாட்டு எழுதிவிட்டான். 3 கிலோமீட்டர் ஆழம் இறங்கியவர்களுக்கு? 2001 பிப்ரவரி 28-இல் மைன்ஸ் மூடிய பிறகு நம்மைப் பற்றிப் பேசியதெல்லாம் சினிமாதான். 2018-இல் வந்த கன்னடப் படம் சைனைடு மேட்டில் படம்பிடித்து, ஊரின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனது; அதில் நம் லைன் வீட்டு ஜனங்களைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த 'தங்கலான்' நம் முன்னோரைக் கண்டது. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் வெளியிலிருந்து வந்து சொன்ன கதையே.

இங்கே கிடார் வாசிக்கிற பிள்ளைகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஆங்கிலோ இந்தியர்களின் நடன மண்டபங்களும் தேவாலயக் குழுக்களும் இருந்த ஊர் இது. சாவு மேளத்துக்கும் குறைவில்லை. இரண்டும் ஒரே மேடையில் ஏறாததுதான் குறை. விடிவதற்குள் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிற பிள்ளைகளுக்கு ஒத்திகைக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 'தமிழன்' இதழை நடத்தியவர்களுக்கும் நேரம் இருக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். குழுவாகவோ தனியாகவோ, தங்கவயலைப் பற்றி நீங்கள் எழுதிப் பாடிய பாட்டை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து மாதம் ஒரு பாட்டுக்குப் பக்கம் ஒதுக்குகிறோம். கன்னடமும் தமிழும் கலந்திருந்தாலும் சரி. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர், சட்டி தட்டியவர், ஒலிப்பதிவு செய்தவர், கதை சொன்ன பாட்டி என்று ஒரு பெயர்கூட விடாமல் எழுதி அனுப்பவேண்டும். பெயர்ப் பட்டியல் இல்லாத பாட்டை அச்சிடமாட்டோம்.