சம்பளமில்லாத சமாதானம்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார். எம்.எஸ்.டபிள்யூ. கடைசி வருஷம். அதற்கு முன் மூன்று வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கிராமம் கிராமமாக அலைந்தவர். ஜெனிவாவில் ஒரு சர்வதேச அலுவலகத்தில் மூன்று மாதப் பயிற்சிக்கு அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. சம்பளம் இல்லை. விமான டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ், தங்குமிடம் எல்லாம் அவர் பொறுப்பு. நாலு லட்சமாவது ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார். அம்மாவின் நகை தம்பியின் படிப்புக்காக ஏற்கெனவே அடகில் இருக்கிறது. மிச்சமிருப்பது வீட்டுப் பத்திரம்.

"போகலாமா சார்?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பவனிடம் கேட்கிற கேள்வி இல்லை இது. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

ஐ.நா. செயலகம் தன் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. 2015-ல் 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஜெனிவா ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, அங்கிருந்து கோட்டும் டையுமாக ஐ.நா. அலுவலகத்துக்குப் போய்வந்தது உலகச் செய்தியானது. கவனத்தை ஈர்க்கவும்தான் அப்படிச் செய்தேன் என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். அதனால் என்ன? அவர் காட்டிய நிலைமை பொய்யில்லை. அப்பா பணத்தில் மூன்று மாதம் ஜெனிவாவில் இருக்க முடிந்தவர்களுக்கே அந்தக் கதவு திறக்கிறது. வறுமையைப் பற்றி அறிக்கை தயாரிக்கிற அறைக்குள் ஏழை வீட்டுப் பிள்ளை நுழைய முடியாது. பயிற்சி முடிந்தால் வேலை உண்டு என்ற உறுதியும் கிடையாது. எல்லா அமைப்புகளும் இப்படியல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உதவித்தொகை தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-லிருந்து தருகிறது. ஆகவே விளம்பரத்தைப் படிக்கிறபோது முதல் பத்தியை விட்டுவிடுங்கள். செலவு யாருடையது என்று சொல்லும் பத்தி எங்கோ கீழே இருக்கும், அதை முதலில் படியுங்கள். விண்ணப்பக் கட்டணம் கேட்டு ஐ.நா. பெயரில் கடிதம் வந்தால் கிழித்துப் போடலாம். எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் கேட்பதில்லை.

பணத்தோடு வருகிற வாய்ப்புகளும் இருக்கின்றன. நம் ஊர்களுக்குத்தான் அவை வந்து சேர்வதில்லை. ரோட்டரி அமைப்பு 2002-லிருந்து அமைதிக் கல்விக்கு ஃபெலோஷிப் தருகிறது. ஸ்வீடனின் உப்சாலா, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழகங்களில் முதுகலை படிக்கலாம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அவர்கள் செலவு. பட்டம் முடித்து மூன்று வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். ரோட்டரி உறுப்பினர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விண்ணப்பிக்க முடியாது என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் பல அறக்கட்டளைகளில் இந்த விதி தலைகீழாகத்தான் நடைமுறையில் இருக்கிறது!

பத்திரிகைக்காரர்களுக்கு இரண்டு. டாக் ஹாமர்ஷீல்ட் பெயரிலான நிதி, வளரும் நாடுகளின் இளம் செய்தியாளர்களை ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்துக்கு அழைத்துப்போகிறது. மற்றொன்று ஐ.நா.வே நடத்துவது. 1981-ல் தொடங்கிய இதற்கு இப்போது ரெஹாம் அல்-ஃபாராவின் பெயர். 2003 ஆகஸ்ட் 19-ல் பாக்தாத் ஐ.நா. அலுவலகத்தில் குண்டு வெடித்து இறந்த 22 பேரில் ஒருவர், ஜோர்டான் நாட்டுப் பெண். சமாதான வேலை என்றால் குளுகுளு அறையில் கூட்டம் போடுவது மட்டுமல்ல. இரண்டுக்கும் வயது வரம்பு 35. எனக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. தாண்டுவதற்குள் யாரும் சொல்லவும் இல்லை.

இன்னொன்று மிகப் பக்கத்தில் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகம் 2022-ல் வகுத்த பயிற்சித் திட்டத்தில் மாதம் 10,000 ரூபாயும் டெல்லிக்குப் போய்வர விமானக் கட்டணமும் உண்டு. வயது 25-ஐத் தாண்டக் கூடாது. 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று மத்திய அரசு பட்டியலிட்ட மாவட்டங்களுக்கு முன்னுரிமை. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டுதான்: ராமநாதபுரம், விருதுநகர். அதே விருதுநகர். பத்தாயிரத்தில் டெல்லியில் அறை எடுத்துச் சாப்பிடுவது இழுபறிதான், ஆனால் வீட்டுப் பத்திரம் வெளியே போக வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு வயது 24. இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அவர் பேராசிரியருக்கும் தெரியவில்லை.

உண்மையில் அவர் என்னிடம் வந்தது யோசனை கேட்க அல்ல. ரோட்டரி ஃபெலோஷிப் பற்றி மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கான கட்டுரையைத் தமிழில் எழுதி எடுத்துவந்திருந்தார். "நல்ல இங்கிலீஷ்ல போட்டுக் கொடுங்க சார்." படித்தேன். உலக அமைதி, மானுட நேயம், போரற்ற புவி என்று இரண்டு பக்கம். நான் எம்.ஏ. படித்தபோது எழுதிய தேர்வுத்தாள் மாதிரியே இருந்தது.

அந்த மூன்று வருஷம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒரு கிராமத்தில் மயானத்துக்குப் போகிற பாதையில் இரண்டு தெருக்காரர்களுக்குத் தகராறு. பிணத்தை இறக்கி வைத்துவிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் சமாதானக் கூட்டம் கூட்டினார். இவர் ஐந்து கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பு எடுத்தார். நடுவில் இரண்டு தெருவுக்கும் நடந்து பெண்களிடம் தனித்தனியாகப் பேசினார். ஆறாவது கூட்டத்தில் பாதையை அளந்து கல் நட்டார்கள்.

"இதை ஏன் எழுதவில்லை?"

"இதெல்லாம் ஊர்ச் சண்டை சார். அவங்க கேக்குறது பீஸ்."

முன்பொரு முறை ஒரு பையனுடைய கட்டுரையை நான் அலங்காரமான ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தேன். நேர்காணலுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். என் வாக்கியங்களில் ஒன்றை எடுத்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பையன் திணறிப்போனான். அந்தப் பாவத்தில் எனக்குப் பங்குண்டு. ஆகையால் இந்தப் பெண்ணிடம் மொழிபெயர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்களே ஆங்கிலத்தில் எழுதுங்கள், இலக்கணப் பிழை மட்டும் பார்க்கிறேன் என்றேன். முகம் சுருங்கித்தான் போனார்.

நேற்றுத் தபாலில் நாலு பக்கம் வந்தது. முதல் வரியிலேயே மயானப் பாதை. பிழைகள் நிறைய. சமாதானக் கூட்டம் என்பதற்கு 'பீஸ் மீட்டிங்' என்று எழுதியிருக்கிறார். அதில் கை வைக்கவில்லை. ஜெனிவாவுக்குப் பதில் எழுத இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று அடியில் பென்சிலால் ஒரு குறிப்பு.